அடியில் ஒட்டிய சீட்டு

கம்ப்யூட்டர் சர்வீஸ் தொழிலுக்கு வந்து இருபது வருடமாகிறது. இத்தனை வருடத்தில் நான் அதிகம் கேட்ட கேள்வி ஒன்றுதான். "உள்ள என்ன ஆப்பரேட்டிங் சிஸ்டம் இருக்கு? எந்த வகை?" இதற்கு ஜனங்கள் சொல்லும் பதிலைக் கேட்டால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றும். "கறுப்பு கலருங்க" என்பார் ஒருவர். "நல்ல வகைதான், கடைக்காரர் பார்த்துக் குடுத்தார்" என்பார் இன்னொருவர். ஒரு பல் டாக்டர், கீபோர்டு பெட்டியில் அச்சடித்திருந்ததை முழுசாகப் படித்துவிட்டு, "இதுல எது?" என்று என்னையே கேட்டார்.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அதை மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. இந்தக் கதையில் அதுதான் பாதி வேலையைச் செய்தது.

நான் கையாளும் மெஷின்களில் பெரும்பாலும் இரண்டு வகை: ஹோம், ப்ரோ. முகத்தைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். அதே நீலப் படம், அதே பட்டன்கள். செட்டிங்ஸில் சிஸ்டம் என்ற பக்கத்துக்குப் போய்க் கடைசிவரை இறங்கினால்தான் எது என்று தெரியும். அரை நிமிட வேலை. ஆனால் அந்த அரை நிமிடத்தில் நிறைய இருக்கிறது. மெஷின் தகராறு செய்யும்போது சிஸ்டத்தை அதன் மேலேயே மறுபடி போடுவோம். உள்ளே இருப்பதும் நாம் கொண்டுபோவதும் ஒரே வகையாக இருந்தால் எல்லாம் இருந்த இடத்தில் இருக்கும். வேறு வகையாக இருந்தால் நம்முடைய ஃபைல்கள் மட்டும் மிஞ்சும். புரோகிராம்கள் போய்விடும், அவை தங்கள் வயிற்றுக்குள் வைத்திருந்ததும் சேர்ந்து போய்விடும்.

அதனால் எனக்கு ஒரு பழக்கம். எந்த மெஷினில் சிஸ்டம் போட்டாலும், வகையையும் தேதியையும் ஒரு வெள்ளைச் சீட்டில் மார்க்கரால் எழுதி அடியில் ஒட்டிவிடுவேன். அடுத்த தடவை போனால் மெஷினைக் கவிழ்த்தாலே போதும். ஊரில் பாதி ஆபீஸ் மெஷின்களின் அடியில் என் கையெழுத்து இருக்கிறது. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. "மெஷின் பொய் சொன்னாலும் சொல்லும், என் சீட்டு சொல்லாது" என்று பீற்றிக்கொள்வேன்.

என் அண்ணனுக்குச் சரக்குக் கிடங்கில் மேற்பார்வை வேலை. அங்கே அவருக்கு மைக்செட் என்று பெயர். லாரி ஒரு கோடியில் நின்றால் மறுகோடியிலிருந்து பேசியே அதைப் பின்னால் எடுக்க வைப்பார். அவர் ரகசியம் சொன்னால் பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் கூட்டுவார்கள். எனக்கும் அதே குரல்தான், வால்யூம்தான் குறைவு. சின்ன வயதில் போனில் எங்களில் யார் பேசுவது என்று யாருக்கும் தெரியாது. அவர் நண்பர்களிடம் அவராகப் பேசி இரண்டு தடவை உதை வாங்கியிருக்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன் அந்தத் தொண்டையில் கட்டி வந்தது. குரல்வளையை எடுத்தாக வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது அண்ணன் கேட்டது ஒன்றே ஒன்று. "அப்ப நான் எப்படிங்க மனுஷங்களைத் திட்டுறது?" டாக்டர் சிரித்தார். நாங்கள் சிரிக்கவில்லை.

ஒரு புரோகிராம் இருக்கிறது என்று நான்தான் தேடிப் பிடித்தேன். ஆபரேஷனுக்கு முன்னால் ஆயிரத்து அறுநூறு வாக்கியங்களைப் படித்துப் பதிவு செய்தால், அதிலிருந்து ஒரு குரலை அது கட்டிக்கொள்ளும். பிறகு எதை டைப் செய்தாலும் அந்தக் குரலிலேயே பேசும். அண்ணன் மூன்று வாரம், வலிக்கிற தொண்டையை வைத்துக்கொண்டு, வெந்நீரைக் குடித்துக் குடித்துப் படித்தார். புரோகிராம் கம்பெனி கொடுத்த வாக்கியங்கள் போதாதென்று சொந்தமாகவும் இருநூறு எழுதிச் சேர்த்தார். அதில் முப்பது, ஆளைத் திட்டுவதற்கு.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், ஜன்னலோரம் மேஜை போட்டு லேப்டாப்பையும் இரண்டு சின்ன ஸ்பீக்கரையும் வைத்துக் கொடுத்தேன். அண்ணன் ஒரு விரலால் தட்டித் தட்டி டைப் செய்தார். "என்ன, வீடு இவ்ளோ அமைதியா இருக்கு?" என்று அவர் குரல் கேட்டது. அண்ணி கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வெளிநாட்டில் இருக்கும் அவர்கள் மகளும் அந்த ஞாயிற்றுக்கிழமை போனில் அதைக் கேட்டு அழுதாள். அவளுக்குக் கல்யாணமாகிக் குழந்தை இருக்கிறது, இருந்தாலும் எங்களுக்கு இன்னும் பாப்பாதான். அதன்பிறகு ஒரு ஞாயிறு தவறாமல் அப்பாவும் பெண்ணும் ஒரு மணி நேரம் பேசுவார்கள். அவர் டைப் செய்து முடிக்கும்வரை அவள் காத்திருப்பாள்.

ஒன்றரை வருடம் நன்றாக ஓடியது. ஒரு வியாழக்கிழமை அண்ணி போன் செய்தாள். அப்போது ஒரு ஆபீஸில் நாற்பது மெஷின்களுக்கு நடுவே இருந்தேன். மேனேஜர் என் பிடரியில் மூச்சு விட்டுக்கொண்டு நின்றார்.

"தம்பி, அவர் பேசிக்கிட்டு இருக்கும்போதே நின்னு நின்னு போகுது. 'சாப்பாட்டுக்கு'ன்னு சொல்லிட்டு அப்படியே நிக்குது. சாப்பாட்டுக்கு என்னன்னு நானும் நின்னுக்கிட்டு இருக்கேன்."

"சரி அண்ணி, நாளைக்கு வந்து மேலேயே மறுபடி போட்டுடறேன். வகை என்னன்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க. செட்டிங்ஸ் போங்க. சிஸ்டம். கடைசிவரைக்கும் இறங்குங்க."

அவள் ஒவ்வொன்றாகத் தேடினாள். கண்ணாடி எடுக்கப் போனாள், வந்தாள். மேனேஜர் வாட்சைப் பார்த்தார்.

"ப்ரோன்னு போட்டிருக்கு தம்பி."

"ப்ரோவா? இருக்காது. நான்தானே போட்டேன், ஹோம். நீங்க வேற எதையோ படிக்கிறீங்க. லேப்டாப்பைக் கவுத்து, அடியில நான் ஒட்டின சீட்டைப் படிங்க."

"இல்ல தம்பி, இதுல தெளிவா..."

"அண்ணி! சீட்டைப் படிங்கன்னு சொல்றேன்ல?"

லேப்டாப்பைக் கவிழ்க்கிற சத்தம் கேட்டது. பிறகு மெதுவாகச் சொன்னாள். "ஹோம்னு இருக்கு. உங்க கையெழுத்துதான்."

"அவ்ளோதான். இதுக்குப் போய் பத்து நிமிஷம்" என்று போனை வைத்தேன்.

மறுநாள் ஹோம் போட்ட பென்டிரைவோடு போனேன். அண்ணன் மேஜையில் காத்திருந்தார். என்னைப் பார்த்ததும் டைப் செய்தார். "சீக்கிரம் முடிடா. ஞாயித்துக்கிழமை" என்று சொல்லி மெஷின் நின்றுபோனது. பாப்பா பேசுவாள் என்பது மீதி. அவர் ஸ்பீக்கரைக் காட்டி, பார்த்தாயா என்பதுபோல் கையை விரித்தார். அந்தக் குரலில் நாங்கள் கடைசியாகக் கேட்ட வார்த்தை ஞாயிற்றுக்கிழமை.

வேலையை ஆரம்பித்தேன். எதை வைத்துக்கொள்ளட்டும் என்று மெஷின் கேட்டது. 'எல்லாவற்றையும்' என்ற வரி மங்கிக் கிடந்தது, அழுத்த முடியவில்லை. 'ஃபைல்களை மட்டும்' என்ற வரிதான் உயிரோடு இருந்தது. வகை பொருந்தவில்லை என்பதற்கு இது அடையாளம். தொழிலுக்கு வந்து ஒரு மாதமான ஆளுக்கும் தெரியும். எனக்குத் தெரியாதா? ஆனால் பாதியில் நின்ற அப்டேட்டாலும் சில சமயம் அப்படி மங்கும். அதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சீட்டு என் கையெழுத்து, மூன்று மணிக்கு வேறு இடம். உள்ளே தேடினேன். 'குரல்' என்று பெயரிட்ட ஒரு ஃபோல்டர் அண்ணனின் ஃபைல்களோடுதான் இருந்தது. பிறகென்ன, புரோகிராமைத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம் என்று அழுத்திவிட்டேன். அந்த ஃபோல்டரைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

எல்லாம் முடிந்து புரோகிராமைப் போட்டதும் அது லைசென்ஸ் கேட்டது. லைசென்ஸ் வரும்வரை அதனோடு வரும் பொதுக்குரலில் பேசும். கம்பெனிக்கு மெயில் அனுப்பினேன். அண்ணன் ஏதோ டைப் செய்தார். செய்தி வாசிக்கிற பையன்போல வழுவழுவென்று ஒருவன் பேசினான். "இவன் யாருடா?"

"ரெண்டு மூணு நாள்தான் அண்ணா. லைசென்ஸ் வந்ததும் உன் குரல் வந்துடும்."

கிளம்பும்போது அண்ணி வாசல்வரை வந்தாள். "ஞாயித்துக்கிழமைக்குள்ள வந்துடுமா தம்பி?" என்றாள். "வந்தா நானே வருவேன். மணிக்கொரு தடவை போன் பண்ணாதீங்க அண்ணி, எனக்கு நாலு இடம் இருக்கு" என்றேன். அவள் ஒருநாளும் மணிக்கொரு தடவை போன் செய்தவள் இல்லை.

அந்த ஞாயிறு பாப்பா போன் செய்தபோது அந்தப் பையன்தான் பேசியிருக்கிறான். அவள் குழந்தை பயந்து அழுதிருக்கிறது. அடுத்த ஞாயிறு அண்ணன் டைப் செய்யவே இல்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டு வெறுமனே கேட்டிருக்கிறார். அண்ணி என்னைக் கூப்பிடப் போனை எடுத்து, வைத்து, எடுத்து, வைத்துவிட்டிருக்கிறாள். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும்.

கம்பெனி மெயில் ஒன்பதாம் நாள் வந்தது. போனில் முதல் வரியைப் பார்த்தேன், தொடர்புகொண்டதற்கு நன்றி என்று. சரி, திங்கட்கிழமை போகலாம் என்று மூடிவிட்டேன். திங்கட்கிழமை பதினோராம் நாள்.

அண்ணன் வீட்டு மேஜையில் உட்கார்ந்துதான் மீதியைப் படித்தேன். உங்கள் லைசென்ஸ் ப்ரோ வகை மெஷினுக்குப் பதிவானது, இப்போது ஹோம் வகை தெரிகிறது, சொந்தக் குரல் ஹோமில் இயங்காது, தயவுசெய்து சரிபார்க்கவும். அவ்வளவுதான் இருந்தது.

அப்போது ஞாபகம் வந்தது. ஆரம்பத்தில் அந்த லேப்டாப்பில் ஹோம்தான் போட்டிருந்தேன், சீட்டும் ஒட்டினேன். பிறகு இந்தப் புரோகிராமுக்கு ப்ரோ வேண்டும் என்று தெரிந்து, இதே வீட்டில், சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, காசு கொடுத்து வாங்கிய ஒரு கீ எண்ணை அடித்து ப்ரோவாக மாற்றினேன். பதிவை ஆரம்பிப்பதற்கு முந்தின நாள். டாக்டர் தேதி குறித்துக் கொடுத்துவிட்டார். அண்ணன் எதிரில் உட்கார்ந்து தன் குரலுக்கு இன்னும் எத்தனை நாள் என்று விரலை மடக்கிக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்துவிடுமோ என்று வேலையை முடித்ததும் எழுந்து வெளியே போய்விட்டேன். இருபது வருடத்தில் சீட்டை மாற்றாமல் விட்டது அந்த ஒரு தடவைதான்.

அண்ணி படித்தது சரி. கண்ணாடி போட்டுக்கொண்டு, கடைசிவரைக்கும் இறங்கி, உள்ளதை உள்ளபடி படித்தாள்.

பழைய சிஸ்டத்தை மெஷின் ஒரு ஃபோல்டரில் கட்டி வைத்திருக்கும். பத்து நாளைக்குள் என்றால் திரும்பப் போய்விடலாம். பத்து நாள் தாண்டினால் அதுவே துடைத்துவிடும். இதை எத்தனை பேருக்கு நான் பாடமாக நடத்தியிருப்பேன்! தேடினேன். இல்லை. 'குரல்' ஃபோல்டரைத் திறந்தேன். ஆயிரத்து எண்ணூறு வாக்கியங்கள் எழுதின ஒரே ஒரு பட்டியல் இருந்தது. எழுத்துதான். ஒலி எதுவும் இல்லை. அதெல்லாம் புரோகிராமின் வயிற்றில் இருந்தது. இதை வேறு ஒரு டிஸ்கில் எடுத்து வைக்கவேண்டும் என்று ஒன்றரை வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தவனும் நான்தான். ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறவன்.

அண்ணனிடம், "கொஞ்சம் வேலை இருக்கு, கடைக்குக் கொண்டுபோறேன்" என்று சொல்லி லேப்டாப்பை எடுத்துக்கொண்டேன். அவர் என் முகத்தையே பார்த்தார். அழிந்ததை மீட்டெடுக்கிற ஆள் ஒருவர் இருக்கிறார், எங்கள் தொழிலில் அவரை சர்ஜன் என்போம். அவர் இரண்டு நாள் பார்த்துவிட்டு, "சுத்தமா தொடச்சிருக்கு. ஒண்ணும் இல்ல. யாரோடது?" என்று கேட்டார். நான் லேப்டாப்பை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். கம்பெனிக்கும் எழுதினேன். வாடிக்கையாளரின் குரல் எதையும் நாங்கள் வைத்துக்கொள்வதில்லை, அது உங்கள் பாதுகாப்புக்காக என்று மரியாதையாகப் பதில் வந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் லேப்டாப்போடு போய் அண்ணன் எதிரில் உட்கார்ந்தேன். அண்ணியும் நின்றாள். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். சீட்டு, மங்கிக் கிடந்த வரி, படிக்காத மெயில், பத்து நாள். சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே நாராசமாக இருந்தது. "அண்ணி அன்னைக்குச் சரியாத்தான் படிச்சாங்க. நான்தான் கேக்கல" என்றேன்.

"நான் இன்னும் ரெண்டு தடவை சொல்லியிருக்கணும் தம்பி" என்றாள் அண்ணி. அவள் என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

அண்ணன் எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். ஆபரேஷனில் வைத்த தொண்டைத் துளை வழியாக மூச்சு வேகமாகப் போய்வந்தது. வேறு சத்தமில்லை. அப்படியும் ஒரு மனிதன் அழ முடியும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். வீட்டில் கல்யாண வீடியோ இருக்கிறது. அதில் பந்தி பரிமாறும் ஆளை அவர் விரட்டுவது கேட்கும். ஆனால் அதை வைத்துக்கொண்டு அவரைப் புதிதாக ஒரு வார்த்தை பேசவைக்க முடியாது.

வழியில் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன். "அண்ணா, நம்ம ரெண்டு பேர் குரலும் ஒண்ணுதான். பட்டியல் இருக்கு. நான் எல்லாத்தையும் படிச்சுப் பதிவு பண்றேன். பாப்பாவுக்கு வித்தியாசம் தெரியாது."

அவர் திரும்பி வந்து உட்கார்ந்தார். ஒரு விரலால் நிதானமாகத் தட்டினார். அந்த வழுவழுப் பையன் சொன்னான். "உன் குரல்ல உன்னையே எப்படிடா திட்டுறது?"

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கப் போய் அழுதுவிட்டேன். அண்ணன் என் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தார். அது சமாதானமா தண்டனையா என்று இன்றுவரை தெரியவில்லை. பிறகு, சரி ஆரம்பி என்பதுபோல் லேப்டாப்பை என் பக்கம் நகர்த்தினார்.

முதலில் ப்ரோவைப் போட்டேன். செட்டிங்ஸ் போய், கடைசிவரை இறங்கி, வாய்விட்டுப் படித்தேன். பழைய சீட்டை நகத்தால் சுரண்டி எடுத்தேன். புதுச் சீட்டில் ப்ரோ என்று எழுதித் தேதி போட்டு ஒட்டினேன். எழுத்து கோணலாக விழுந்தது.

மைக்கை மாட்டி முதல் வாக்கியத்தைப் படித்தேன். அண்ணன் தலையை ஆட்டி, சத்தமாக என்று கையைத் தூக்கினார். இன்னும் சத்தமாக, இன்னும். ஒரு கட்டத்தில் அவர் கை தானாக இறங்கியது. அந்த அளவில் நிறுத்திக்கொண்டு அடுத்ததைப் படித்தேன். அது அண்ணன் சொந்தமாக எழுதிச் சேர்த்தது.

"கொஞ்சம் தண்ணி குடும்மா."

சமையலறையில் குழாய் நின்றது. பாத்திரச் சத்தம் கேட்டது. ஈரக்கையில் டம்ளரோடு அண்ணி அவசரமாக வந்தாள், வரும்போதே, "இதோ வந்துட்டேங்க" என்று சொல்லிக்கொண்டு. கதவருகே வந்ததும் மைக்கையும் என்னையும் பார்த்தாள். அங்கேயே நின்றுவிட்டாள்.

"நான்தான் அண்ணி" என்றேன். அதுவும் அதே குரலில்தான் வந்தது.

"தெரியும் தம்பி" என்றாள். வந்து டம்ளரை அண்ணனுக்கு முன்னால் வைத்தாள். கொஞ்சம் சிந்தியதை முந்தானையால் துடைத்துவிட்டு உள்ளே போனாள். வெகுநேரம் குழாய் திறக்கவில்லை.

அண்ணன் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தார். "அதை மட்டும் படிக்காதே" என்றான் அந்தப் பையன்.

அந்த வரியைப் பட்டியலிலிருந்து எடுத்தேன். மூன்றாவது வாக்கியம் திரையில் வந்து நின்றது. மைக்கைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு படித்தேன்.